ஆள்காட்டி கத்தினால் எழுந்து வாருங்கள்: கூடு கட்டும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்து ஏரிகள் வற்றத் தொடங்கியதும், பறவைகளைப் படமெடுக்கப் புதிதாக டெலி லென்ஸ் (தொலைவில் இருப்பதை நெருக்கமாகக் காட்டும் லென்ஸ்) வாங்கியவர்கள் கரையிலிருந்து படுகைக்குள் இறங்குவதைப் பார்க்கிறேன். படம் கலங்குவது, வானம் வெளுத்துப்போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தொடக்கத்தில் நானே செய்து, இன்று பிறர் செய்யும்போது பொறுக்க முடியாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பதற்றத்தை நல்ல காட்சி என்று எண்ணுவது

சிவப்பு மூக்கு ஆள்காட்டி தரையில் முட்டையிடும் பறவை. தரிசிலோ காய்ந்த ஏரிப் படுகையிலோ ஒரு சிறு பள்ளம், அதைச் சுற்றிக் கூழாங்கற்களும் ஆட்டுப் புழுக்கையும், நடுவில் கூர்முனைகள் உள்நோக்கியிருக்க நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் காலையில், அப்படியொரு கூட்டுக்குப் பதினைந்து அடி தொலைவில் ஒன்றரை மணி நேரம் படுத்துக் கிடந்தேன். பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தியது, முகத்துக்கு நேரே பாய்ந்தது, சிறகைத் தொங்கவிட்டு நொண்டி நடந்தது. ஒவ்வொன்றும் அருமையான படமாக அமைந்த மகிழ்ச்சியில், என்னை அங்கிருந்து அப்புறப்படுத்த அது படும் பாடு எனக்கு உறைக்கவில்லை. கரையில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்ததையும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் போனபோது பள்ளத்தில் உடைந்த ஓடுகளே கிடந்தன.

கோடையில் இந்தப் பறவை முட்டைகளின் மேல் அமர்வது பகலில் பெரும்பாலும் நிழல் தருவதற்காகத்தான். தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, ஈரத்தோடு அமரும். பின்னொரு கோடையில் தொலைவிலிருந்து இதைப் பார்த்தேன். பறவை எழுந்தபோது ஒரு முட்டையின் ஓடு நனைந்து கருத்து, சில நொடிகளில் காய்ந்து பழைய நிறத்துக்குத் திரும்பியது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் தொடர வேண்டிய இந்த வேலையை நாம் ஒரு மணி நேரம் தடுத்தாலும், கருவுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அண்மையில் அதேபோல் படுத்திருந்த ஒரு தம்பியிடம் எழுந்து வரச் சொன்னேன். "பயப்படாம போஸ் குடுக்குதுண்ணா" என்றார். பறவை திரும்பி வந்து முட்டைமேல் அமரும் தொலைவே நாம் இருக்க வேண்டிய தொலைவு. அது நூறு மீட்டர் என்றால் நூறு மீட்டர்தான். குஞ்சு பொரித்த பிறகும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் பெற்றோர் கத்தியதும் குஞ்சுகள் தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும், நம் காலடியிலேயே இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இலைகளை விலக்குவது

மருதாணி வேலியில் சின்னான் குருவி (புல்புல்) கட்டிய கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தாலும் சரி, நூலால் இழுத்துக் கட்டினாலும் சரி, இறகு முளைக்காத குஞ்சுகள்மீது உச்சி வெயில் விழும். குஞ்சுகளைத் தின்ன வரும் செம்போத்துக்கும் வழி தெரிந்துவிடும்.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிடுவது

தன் இனத்தின் பதிவுசெய்த குரலைக் கேட்கும் பறவை, எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு இல்லாத பறவையைத் தேடி அலையும்.

பாதிக் கூட்டைப் பார்த்து 'கைவிடப்பட்டது' என்று குறிப்பது

ஆண் தூக்கணாங்குருவி தலைக்கவசம் போன்ற வடிவம் வரை பின்னிவிட்டுப் பெண்ணுக்காகக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே குழல் போன்ற வாயிலைக் கட்டி முடிக்கும். ஒரு வாரமாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஃபிளாஷ்

கூட்டருகே வேண்டவே வேண்டாம்.

கூடு இருக்கும் இடத்தைப் பகிர்வது

மாவட்டத்தின் பெயர் போதும். அதுவும் குஞ்சுகள் பறந்த பிறகு.