மீன் வாங்கும் முன் ஒரு மாதம்: கப்பி என்ற சின்ன வண்ண மீனுக்குத் தொட்டி தயார் செய்யும் முறை

புதுத் தொட்டியில் விட்ட மீன் நாலைந்து நாளில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். செவுள் சிவந்திருக்கும். மறுநாள் மிதக்கும். தண்ணீரோ பளிச்சென்று இருக்கும். பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான். இதைத் தடுக்க முடியும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

1. தொட்டி
2 அடி நீளம், அகலமும் உயரமும் 1 அடி. சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும் என்பதால் ஆடாத மேசை வேண்டும், அடியில் தெர்மாகோல் ஷீட். சோப்பு படவே கூடாது. கல் உப்பால் தேய்த்து அலசுங்கள். நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும்.

2. கல்
ஓர் அங்குலம் பரப்ப 7 கிலோ. பக்கெட்டில் போட்டு, கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். சாயம் பூசிய கல் வேண்டாம்.

3. ஃபில்டர்
கப்பிக்கு, ஏர் பம்ப்பால் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் நல்லது. மோட்டார் ஃபில்டர் குட்டிகளை உறிஞ்சிவிடும். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே இறங்கிப் பம்ப்புக்குள் போகும். மேலே வைக்க இடமில்லையா? டியூபில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு ஒன்று போடுங்கள்.

4. தண்ணீர்
குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அல்லது ஏர் ஓடவிட்டு ஒரு நாள் வையுங்கள். உப்புக்கரிக்காத போர் தண்ணீர், கொஞ்சம் கடினமாக இருந்தாலும், கப்பிக்கு ஒத்துக்கொள்ளும். ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம். மீனுக்குத் தேவையான தாதுக்கள் அதில் இல்லை.

5. பழக்குதல்
பலரும் சறுக்கும் இடம் இது. மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். ஸ்பாஞ்சில் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டாம் வார வாக்கில் தண்ணீர் பால்போல் கலங்கினால் பயப்படாதீர்கள், கொட்டவும் செய்யாதீர்கள். தானே தெளியும்.

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் பார்த்துவந்தால், சில வாரத்தில் அம்மோனியா பூஜ்யம் காட்டும். உடனே கடைக்கு ஓடாதீர்கள்! அப்போதுதான் நைட்ரைட் உச்சத்தில் நிற்கும். அதுவும் விஷம், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிந்தால்தான் தொட்டி தயார். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பைவிடச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டே நம்பகமானது.

நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி நாளில் முடியும். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி கொண்டுவாருங்கள். காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும்.

6. மீன்
முதலில் ஓர் ஆண், இரண்டு பெண். கவரை 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராகச் சேருங்கள். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சிங்க்குக்கு.

வாரம் கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தண்ணீரில் பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் ஒரு மாத உழைப்பு போச்சு.

பலர் கேட்டதால் ஒன்று: தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் தரும் சக்கர் மீனை வாங்காதீர்கள். ஓர் அடிக்கு மேல் வளரும். தானே ஏகப்பட்ட கழிவு போடும்.