நாக்கை ஆட்ட முயலாதீர்கள்: உருளும் ரகரத்தைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிய மொழியில் 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். 'பெர்ரோ' என்றால் நாய். முதற்சொல்லில் நுனிநாக்கு மேற்பல் வரிசைக்குப் பின்னுள்ள மேட்டை ஒரே ஒரு முறை தொட்டு விலகுகிறது. அடுத்த சொல்லில் அதே இடத்தில் இரண்டு மூன்று முறை அதிர்கிறது. மொழியியலார் முன்னதை வருடொலி என்றும் பின்னதை ஆடொலி என்றும் அழைப்பர். தமிழின் ரகரம் வருடொலி. ஆகவே நாக்கை எங்கே கொண்டு வைப்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நம்மில் பலர் பெர்ரோவைச் சொல்ல முடியாமல் திணறுவதற்கு, தொடக்கத்திலேயே பிழையான வழியில் முயல்வதே காரணம் என்று கருதுகிறேன்.

தவறுகளில் தலையாயது, நாக்கைத் தசை வலுவால் ஆட்ட முயல்வது. ஆடொலியில் நுனிநாக்கு நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முறை அதிர்கிறது. அந்த வேகத்தில் நாக்கை வேண்டுமென்றே உயர்த்தித் தாழ்த்த யாராலும் இயலாது. கொடியில் காயும் வேட்டி காற்றில் படபடப்பதைப் போன்றதே இவ்வதிர்வு: காற்று நாக்கின் நுனியைத் தள்ளித் திறக்கிறது, திறந்த இடைவெளி வழியே காற்று விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அதனாலும் நாக்கின் சொந்த மீள்விசையாலும் நுனி மீண்டும் மேலே வந்து ஒட்டுகிறது. பஸ் ஓட்டி விளையாடும் குழந்தை உதடுகளால் 'ப்ர்ர்ர்' என்று ஒலியெழுப்பும்போது உதட்டை ஆட்டுவதில்லை. தளர்வாக மூடி ஊதுகிறது, அவ்வளவே. நாக்கிலும் அதையே செய்ய வேண்டும். நாக்கின் இரு ஓரங்களையும் மேற்கடைவாய்ப் பற்களோடு சேர்த்து மூடி, நுனியை மட்டும் மேட்டின்மேல் தளர்வாக வைத்து ஊத வேண்டும். குரல் எழுப்பினால் காற்றின் விசை குறையும் என்பதால், முதலில் குரலின்றி வெறுங்காற்றால் முயல்வது எளிது.

'ரரரர' என்று விரைவாகச் சொல்லிப் பழகுவதும் இதே தவறின் இன்னொரு முகம். அப்பயிற்சியால் வருடொலி விரைவுபெறும். எத்தனை வருடொலிகளை அடுக்கினாலும் ஆடொலி பிறக்காது. நாக்கைப் பின்னுக்கு வளைப்பது மற்றொரு தவறு. ழகரத்துக்கும் அமெரிக்க ஆங்கிலத்தின் ரகரத்துக்கும் பழகியவர்கள் அறியாமலே இதைச் செய்கிறார்கள். வளைந்த நாக்கின் நுனி மேட்டைத் தொடாததால் அங்கே அதிர ஒன்றுமில்லை.

தமிழெழுத்தில் எழுதிப் படிப்பதிலும் இடர் உண்டு. 'பெர்ரோ' என்பதைச் சிலர் 'பெற்றோ' என்று குறித்துக்கொள்கிறார்கள். 'வெற்றி'யைப் படிப்பதுபோல் அதைப் படிக்கையில் இடையே வல்லொலி ஒன்று புகுந்து சொல் சிதைகிறது. சொல்லின் முதலில் வரும் ரகரத்தின் முன் ஓர் உயிரைச் சேர்ப்பதும் நமக்கு இயல்பாக வருகிறது. ரகரம் மொழிமுதலாகாது என்ற மரபால் ரோமை உரோமாபுரி ஆக்கியவர்கள் நாம். ஸ்பெயினின் வடக்கில் பேசப்படும் பாஸ்கு மொழியும் அதே நகரை 'எர்ரோமா' என்றே அழைப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. பயிற்சியின் தொடக்கத்தில் இந்தத் துணையுயிர் உதவும்; ஆனால் 'ரோசா' என்ற ஸ்பானியச் சொல் நிலையாக 'அர்ரோசா' ஆகிவிடக் கூடாது.

ஆடொலி கைவந்தவுடன் எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்துவது, முயன்று கற்றவர்களே செய்யும் தவறு. ஸ்பானியத்தில் சொல்முதலிலும், இரட்டித்து எழுதப்படும் இடத்திலும், 'என்ரிக்கே' என்பதிற்போல ன், ல், ஸ் ஆகியவற்றை அடுத்தும் ரகரம் உருளும். இரு உயிர்களுக்கு இடையே தனித்து வந்தால் உருளாது. இத்தாலியத்தில் 'சேரா' மாலைப்பொழுது, 'செர்ரா' பசுமைக்குடில். ஒற்றை ரகரத்தின் முன் உயிர் நீள்வதையும் இரட்டையின் முன் குறுகுவதையும் கவனிக்காதவர், ரகரத்தைச் சரியாகச் சொல்லியும் பிழைபடுகிறார். அரபியில் 'தரஸ' என்றால் படித்தான், 'தர்ரஸ' என்றால் கற்பித்தான். குர்ஆன் ஓதும் முறையான தஜ்வீதில், ரா எழுத்தின் இந்த அதிரும் தன்மைக்குத் தக்ரீர் என்று பெயர். அதை மிகுதியாக உருட்டுவது பிழை என்று ஆசிரியர்கள் திருத்துவார்கள்.

ஒரு மொழியின் ரகரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் ஆகாது. பாரிஸ் பிரெஞ்சிலும் பெரும்பாலான ஜெர்மானியர் பேச்சிலும் ரகரம் உள்நாக்கருகே பிறக்கிறது. பிரேசிலின் ரியோ நகரத்தார் தம் ஊரின் பெயரை ஏறக்குறைய 'ஹீயு' என்றே சொல்கிறார்கள்.

'என் நாக்கு அமைப்பே இதற்கு ஏற்றதன்று' என்று விட்டுவிடுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் இவ்வொலி கடைசியாக வாய்ப்பவற்றுள் ஒன்று. பலருக்கு 5 வயதுக்குப் பின்னரே நிலைபெறுகிறது. ரஷ்ய மொழியின் ரகரம் வாழ்நாள் முழுவதும் லெனினுக்குச் சரிவர வாய்க்கவில்லை என்பது அவர் பேச்சைக் கேட்டோர் அறிந்தது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் முயன்றால் நாக்கு இறுகிவிடும். நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் போதும்.

இவ்வொலியைக் கேட்டுப் பழக ஸ்பெயினுக்குப் போக வேண்டியதும் இல்லை. கரையையும் கறையையும் பெரும்பாலான தமிழர் இன்று ஒன்றுபோலவே சொல்கிறோம். மலையாளிகள் கரைக்கு 'கர' என்றும் கறைக்கு, றகரத்தை உருட்டி, 'கற' என்றும் வேறுபடுத்தியே சொல்கிறார்கள். தெரிந்த மலையாளி ஒருவரை இவ்விரு சொற்களையும் மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தார் பேச்சிலும் அந்த றகரம் இன்னும் காதில் விழும்.