ராத்திரி ஜாமில் உட்காருவதற்கு முன்
அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கேலக்ஸ் ஊரில் 1935 முதல் நடந்துவரும் ஃபிடில் (நாட்டுப்புற இசை வயலின்) விழாவுக்குப் போகிறீர்களா? மேடையை விட, ராத்திரி கூடாரங்களுக்கு நடுவே பலர் வட்டமாகக் கூடி, ஒத்திகையில்லாமல் சேர்ந்து வாசிக்கும் ஜாம்தான் ருசி. உடனே வட்டத்துக்குள் நுழையாமல் இரண்டு பாட்டு வெளியே நின்று கேளுங்கள். கிதார்காரரின் இடது கையைக் கவனித்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிபடும். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பவரின் விரல்களைப் பார்த்தால் தலைதான் சுற்றும்! பாடுபவர் உங்களைப் பார்த்துத் தலையசைத்தால் தனி வாசிப்பு உங்களுக்கு. தயாரில்லையா? சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பாட்டை நடத்துபவர் ஒரு காலைத் தூக்கினால், முடிக்கப்போகிறார் என்று அர்த்தம். கிதார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கேப்போவோடு, சுருதி சேர்க்க உதவும் ட்யூனரும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஈரத்தில் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும்.