படிக்கப் பிடிக்காத பதின்வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் தேடுவது எப்படி? பெங்களூருத் தமிழ்ப் பெற்றோருக்கு

“ஐந்தாம் வகுப்பு வரை கையில் கிடைத்ததையெல்லாம் படித்தான். இப்போது பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை.” பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் புலம்பலை நான் ஓயாமல் கேட்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கான நூலக அலமாரியைப் பார்த்துக்கொள்வதால், அந்தப் பிள்ளைகளோடும் பேசக் கிடைக்கிறது. கதை பிடிக்காத பிள்ளை அரிது. நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்துக் கையில் திணிக்கிற புத்தகம்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அந்த வயதில் நமக்குப் பிடித்ததையோ, படித்தால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொன்னதையோ வாங்கி வருகிறோம். பிள்ளை இப்போது எதில் மூழ்கிக் கிடக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து புத்தகத்துக்கு வழி போட வேண்டும். அதற்கான படிகளை இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்

‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலில் பார்க்க வேண்டியது, படிப்பது பிள்ளைக்குச் சிரமமாக இருக்கிறதா என்பது. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரி தாவுகிறதா, சின்னச் சொற்களை மாற்றிப் படிக்கிறதா, அரைப் பக்கத்திலேயே களைத்துப் போகிறதா? அப்படியானால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வையில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். நம் ஊரில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலேயே அதற்கு வசதி உண்டு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளைக்கு ஒலிப்புத்தகமும் முழு மதிப்புள்ள வாசிப்புதான்.

சரளமாகப் படிக்கத் தெரிந்தும் படிக்காத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களில் சிலருக்கு நேரம் இல்லை. பள்ளி, டியூஷன், ஓ.ஆர்.ஆர். என்கிற வெளிவட்டச் சாலை நெரிசலில் பஸ் பயணம் என்று நாள் முடிந்துவிடுகிறது. இவர்களுக்கு ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்குங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் வேண்டாம். வேறு சிலருக்கு, வீட்டில் கிடைக்கிற புத்தகங்கள் தங்களைச் சின்னக் குழந்தையாக நடத்துகின்றன என்ற கோபம். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு முயலும் ஆமையும் வரும் கதையைக் கொடுத்தால் அவள் வேறென்ன செய்வாள்?

படி 2: ஒரு வாரம் கவனியுங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

“உனக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் “தெரியவில்லை” என்றுதான் பதில் வரும். உண்மையிலேயே தெரியாது. அதற்குப் பதிலாக, அவர்கள் தாமாகவே யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கும் கதை எது என்று காதில் வாங்குங்கள். சாப்பாட்டு மேசையில் தங்கையிடம் எந்தத் தொடரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறான்? எந்த விளையாட்டின் புள்ளிவிவரம் தலைகீழாகத் தெரியும்? கைபேசியைத் திறந்து வேவு பார்க்கச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தத் தொடரில் அப்புறம் என்ன ஆனது?” என்று கேட்டால் போதும். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் முழு விவரமும் இருக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. “இவளுக்கு எதுவுமே பிடிக்காது” என்றார் அம்மா. பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், தூங்கப் போகும்போது காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு உண்மையான குற்ற வழக்குகளைப் பற்றிய நிகழ்ச்சிகளைக் கேட்பவள். அலமாரியிலிருந்து அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலை எடுத்துக்கொண்டு, “பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தீவில் வேறு யாருமே இல்லை” என்றேன். “அப்படியென்றால் கொலைகாரன் அந்தப் பத்துப் பேரில் ஒருவன்தானே, அத்தை?” என்று அங்கேயே விசாரணையைத் தொடங்கிவிட்டாள். கையை நீட்டி அவளே புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். எழுதியவர் எவ்வளவு புகழ்பெற்றவர், படித்தால் ஆங்கிலம் எப்படி வளரும் என்றெல்லாம் நான் பேசியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே பரிந்துரை செய்யும்போது கதையின் முடிச்சை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதன் பயனைச் சொல்ல வேண்டாம்.

படி 3: ஆர்வத்திலிருந்து புத்தகத்துக்குப் போங்கள்

கிரிக்கெட் பைத்தியம் என்றால் அஸ்வின், சித்தார்த் மோங்காவோடு சேர்ந்து எழுதி 2024இல் வந்த ‘ஐ ஹேவ் த ஸ்ட்ரீட்ஸ்’ நல்ல தொடக்கம். சாதனைப் பட்டியலாக இல்லாமல், சென்னைத் தெருவில் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பையனின் கதையாக அது விரிகிறது. பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டி வீட்டுத் தெரு கண்முன் வரும். இன்னும் சின்னவர்களுக்கு ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. 1935இல் வந்த புத்தகம்; ஆனாலும் பள்ளிக்கூடத்தை வெறுத்து, நண்பர்களோடு சேர்ந்து கிரிக்கெட் அணி தொடங்கும் சிறுவனை இன்றைய பையன்களுக்கும் உடனே அடையாளம் தெரிகிறது.

கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு குவாமே அலெக்சாண்டரின் ‘த கிராஸ்ஓவர்’. இரட்டைச் சகோதரர்களின் கதை, முழுக்கக் கவிதை வரிகளில். சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கத்தை 2015இல் பெற்றது. படிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்குக் கவிதை வடிவ நாவல்களை நான் முதலில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் சொற்கள் குறைவு, வெள்ளை இடம் அதிகம். அரை மணி நேரத்தில் ஐம்பது பக்கம் கடந்துவிட்டோம் என்று தெரியும்போது, ‘எனக்குப் படிக்க வராது’ என்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது. இதே வடிவத்தில் ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ இருக்கிறது. அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்கத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்கும் பையனின் 60 விநாடிகள்தான் மொத்தக் கதையும். கனமான கதை, நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

ஜப்பானிய அசைவுப்படமான அனிமே பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், ஜப்பானியப் படக்கதையான மாங்காவைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்காதீர்கள். மாங்காவும் புத்தகம்தான். வலமிருந்து இடமாகப் படித்து, படத்தையும் வசனத்தையும் இணைத்து, விட்டுப்போன இடங்களை மனத்தால் நிரப்புவது சாதாரண வேலை இல்லை. எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் விஸ் நிறுவனத்தின் பதிப்புகளில் பின்னட்டையில் வயதுக் குறியீடு இருக்கும்: ‘டி’ என்றால் பதின்வயதினருக்கு, ‘டி பிளஸ்’ என்றால் பதினாறு வயதுக்கு மேல், ‘எம்’ என்றால் பெரியவர்களுக்கு. வாங்கும் முன் அதைப் பாருங்கள். எத்தனை பாகம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘டீமன் ஸ்லேயர்’ 23 பாகங்களில் முடிகிறது. கைப்பந்து ஆட்டத்தைப் பற்றிய ‘ஹைக்யூ’ 45 பாகம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். நண்பர்களின் வீடுகளில் ஆளுக்கு நான்கு பாகமாக வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

படி 4: சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போங்கள்

இணையத்தில் வாங்குவது எளிது. ஆனால் படிக்காத பிள்ளைக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் சர்ச் ஸ்ட்ரீட். பிளாசம், புக்வோர்ம் என்று பழைய புத்தகமும் புதிய புத்தகமும் சேர்த்து விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. பழைய பிரதி என்றால் விலை குறைவு. பிடிக்காமல் போனாலும் மனம் வலிக்காது.

போகும்போது இப்படிச் செய்யுங்கள். கடைக்கு வெளியிலேயே ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். “இதற்குள் எது வேண்டுமானாலும் உன் விருப்பம். நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். ஐந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தையும், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் மட்டும் படிக்க வேண்டும். ‘அடுத்து என்ன?’ என்று தோன்றுகிறதா? தோன்றினால் மடியில், இல்லையென்றால் அலமாரிக்கு. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் பொருள் தெரியாமல் தடுக்கினால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் நடக்கும்போது நீங்கள் வேறு வரிசைக்குப் போய்விடுங்கள். தோளுக்குப் பின்னால் நின்று விலைச்சீட்டைப் பார்க்கிற பெற்றோரோடு எந்தப் பிள்ளையும் நிதானமாகப் புத்தகம் பார்க்க முடியாது.

நீங்கள் முகம் சுளிக்கும் அட்டையோடு ஒரு புத்தகம் வரும். வயதுக்கு ஒவ்வாதது என்றால் ஒழிய, பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

செலவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது. பூங்காவில் நடந்துவிட்டு உள்ளே போய் வருவதே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும்.

படி 5: தமிழில் படிக்க வைப்பது

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் எழுதுவார்கள். தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கும் நிலையில்தான் இருக்கும். அந்த நிலையில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எவ்வளவு அருமையான கதை, தவறான நேரத்தில் வந்து அலமாரியில் தூசி படிகிறது! அதை நீங்கள் இரவில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வந்தியத்தேவன் ஏதாவது ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

பிள்ளை தானாகத் தமிழ் படிக்கத் தொடங்க, காமிக்ஸைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் தமிழ் பேசுவது அங்கேதான். வசனம் சின்னச் சின்னக் கட்டங்களில் இருப்பதால் எழுத்துக் கூட்டுவது பாரமாகத் தெரியாது. புரியாத சொல்லுக்குப் படம் பக்கத்திலேயே பொருள் சொல்கிறது. அப்பாவோ மாமாவோ சிறுவயதில் இவற்றைப் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. சேர்ந்து படிக்க ஆள் கிடைத்துவிட்டது.

அடுத்து சுஜாதா. இந்த ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு உள்ளவர் என்று சொன்னாலே கணினிப் பிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், வாதாடும். சின்ன வாக்கியங்கள், வேகமான உரையாடல். எழுத்துக் கூட்டும் நிலையைத் தாண்டியவர்கள் இதில் தடுக்காமல் ஓடிவிடுவார்கள்.

எழுத்தே இன்னும் பழகாத பிள்ளைக்கு ஒரு வழி. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழிலும் இலவசமாக இருக்கின்றன. அவை சின்னக் குழந்தைகளுக்கானவை. நேரடியாகக் கொடுத்தால் அவமானமாகிவிடும். “தங்கைக்கு இதைப் படித்துக் காட்டுகிறாயா?” என்று பொறுப்பைக் கொடுங்கள். அண்ணன் என்ற மரியாதையோடு அவன் தமிழ் படித்துப் பழகுவான்.

தமிழ்ப் புத்தகத்துக்கு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. பொங்கலுக்குச் சென்னை போகிறவர்கள் ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு ஒரு மாலையை ஒதுக்கிவிடலாம்.

படி 6: வீட்டில் செய்ய வேண்டியது

பாதியில் நிறுத்தும் உரிமையைக் கொடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வாசகருக்கு உள்ள பத்து உரிமைகள் என்று எழுதினார். முதல் உரிமை படிக்காமல் இருப்பது, இரண்டாவது பக்கங்களைத் தாண்டிப் போவது, மூன்றாவது முடிக்காமல் விடுவது. நான் அதை அப்படியே ஏற்கிறேன். முப்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லையென்றால் மூடிவைக்கலாம், யாரும் காரணம் கேட்கக் கூடாது. முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அடுத்த புத்தகத்தைத் திறக்கவே பிள்ளை பயப்படும்.

சுருக்கம் எழுதச் சொல்ல வேண்டாம். புதிய சொற்களைக் குறித்துவைக்கச் சொல்ல வேண்டாம். விருந்தாளி முன்னால் “இப்போது படிக்கிறான்” என்று பெருமை பேசவும் வேண்டாம். இரவு உணவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். அப்பா செய்தித்தாள் படிக்கலாம், பாட்டி வார இதழ் படிக்கலாம். பிள்ளைக்கு மட்டும் விதி என்றால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

படி 7: இரண்டாவது புத்தகம்

ஒரு புத்தகம் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் பல பெற்றோர் அவசரப்பட்டு ‘இதைவிட நல்லது’ ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் புத்தகத்தில் எது பிடித்தது என்று பாருங்கள்: வேகமா, சிரிப்பா, பயமா, அந்தப் பாத்திரமா? பாத்திரம் என்றால் அதே தொடரின் அடுத்த பாகம். எழுத்தின் நடை என்றால் அதே எழுத்தாளரின் இன்னொன்று. முடிச்சு அவிழும் விதம் என்றால் கடைக்காரரிடம், “இந்தப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தாள், இதே போல வேறு என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் கேள்வியைப் பிள்ளையையே கேட்க வையுங்கள். சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய கடைக்காரர்களுக்கு இப்படிக் கேட்கிறவர்களைப் பிடிக்கும். ஏணியில் ஏறி மேல் அடுக்கிலிருந்துகூட எடுத்துத் தருவார்கள்.