குமார் குமார்: நான்கு நாள் அலைந்த கதை

மஸ்கட்டிலிருந்து லீவில் காட்பாடிக்கு வந்த மூன்றாம் நாள் சிறுநீரகக் கல் வலி. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் ஊசி, ஸ்கேன் எதற்கும் காசு கேட்கவில்லை. கல்லை எடுக்க? முதலமைச்சர் காப்பீடு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குத்தான்; நான் அதில் வரவில்லை. சரி, ஆன்லைனில் வாங்கிய மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கிறதே என்று தனியார் மருத்துவமனைக்குப் போனேன்.

கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) விண்ணப்பம் திரும்பி வந்தது: ‘பெயர் பொருந்தவில்லை’. ஆதார் அனுப்பினேன், பாஸ்போர்ட் அனுப்பினேன், அதே பதில். நோட்டரி பத்திரம்கூட வாங்கினேன், யாரும் சீந்தவில்லை. நான்கு நாள் போனது.

கடைசியில் காப்பீட்டு மேசையில் இருந்த அக்கா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ‘குமார் குமார்’. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. பாலிசி படிவமோ அதைக் காலியாக விடாது. அன்று என் பெயரையே இரண்டாவது முறையும் அடித்திருக்கிறேன். ஆதாரில் கோ. குமார். நம்ம ஊர் இனிஷியலுக்கு வந்த சோதனை!

ஆவணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, ‘எண்டார்ஸ்மென்ட்’ (பாலிசியிலேயே செய்யும் திருத்தம்) என்று தலைப்பிட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர்த் திருத்தம் கேட்டேன். மறுநாளே திருத்திய பாலிசி வந்தது. பழைய விண்ணப்பத்தைத் தொடராமல் புதிதாகப் போடச் சொன்னார் அக்கா. 40 நிமிடத்தில் அனுமதி. அப்பாடா!