டார்ட் வாங்கும்போது பேரலைத் தடவிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் கோடை வந்தாலே கை கசகசவென்று வியர்க்கும். இங்குள்ள சாட்ஸ்வொர்த்தில் கராஜ் கதவைத் திறந்துவைத்து, வட்டப் பலகையில் குறிபார்த்து டார்ட் எறிந்து ஆடுகிறவர்களுக்குத் தெரியும், வழுவழுப்பான பேரல் (டார்ட்டில் விரல் பிடிக்கும் உலோகத் தண்டு) விரலில் நிற்காது. உடனே கடைக்குப் போய் ஆழமாக வரி வெட்டிய பேரலை வாங்கிவிடுகிறோம். அங்கேதான் அடுத்த தொல்லை. பிடி அளவுக்கு மீறிக் கடித்தால் டார்ட் விரலைவிட்டுக் கிளம்பத் தாமதமாகும். தாமதமானால் குறிக்குக் கீழே போய்க் குத்தும். டிரிபிள் 20-க்கு, அதாவது பலகையின் மேல்பக்கம் 20-க்கு மூன்று மடங்கு புள்ளி தரும் குறுகிய கட்டத்துக்கு, எறிவதெல்லாம் கீழே கீழே விழுகிறதா? கையைத் திட்டுமுன் பேரலைத் தடவிப் பாருங்கள். மிதமான வரியே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கட்சி.

அப்புறம் எடை எங்கே இருக்கிறது என்பது. டார்ட்டை ஆள்காட்டி விரலின் மேல் படுக்க வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரல் அதை ஒட்டியே இருக்கட்டும். முன்பக்கம் கனத்த டார்ப்பிடோ பேரலை வாலருகே பிடித்தால் பறக்கும்போது ஆட்டம் காணும். அப்படியும் வால் ஆடினால் கொஞ்சம் அகலமான இறகு மாட்டிப் பாருங்கள், செலவு சொற்பம்.

டங்ஸ்டனா பித்தளையா? காசு இருந்தால் டங்ஸ்டன்தான். அடர்த்தி அதிகம் என்பதால் அதே 22 கிராமுக்குப் பேரல் ஒல்லியாக வரும், மூன்று டார்ட்டும் நெருக்கமாகக் குத்த இடம் கிடைக்கும்.

ஆட்டத்தில் நிற்பதுபோலவே பலகையிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி நின்று எறிந்து பார்க்க விடுகிற கடையிலேயே வாங்குங்கள். பழைய பேரல் வழுக்கினால், சரி, முதலில் வரிகளில் ஏறிய அழுக்கைப் பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்தெடுங்கள்.