மலையகத்துச் சுவரில் பெரிய வினைல் படம் ஒட்டுதல்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் பெரிய வினைல் படம் (பின்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட படம்) ஒட்டுவோர் முதலில் கவனிக்க வேண்டியது சுவரின் ஈரத்தையே. ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக மூடி ஒரு நாள் விடுங்கள். அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றால், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து சுவர் உலரும் வரை வேலையைத் தள்ளிவைப்பதே நல்லது. புதிதாகப் பெயின்ட் பூசிய சுவரென்றால் 3 அல்லது 4 வாரங்களாவது காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் ஒட்டிய படம் பெயின்டையும் உரித்துக்கொண்டு சுருண்டு விழுவதைப் பார்ப்பது உண்மையிலேயே வேதனையானது.

பொதுவாக 10 பாகை செல்சியசுக்குக் கீழே பசை சரியாகப் பிடிக்காது என்பதால், காலைக் குளிர் விலகிய பின்னரே தொடங்குங்கள்.

தூசியைத் துடைத்து, மட்டம் பார்த்து மெல்லிய பென்சில் கோடிடுங்கள். படத்தின் மேல்விளிம்பை மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, பசையை மூடியிருக்கும் பின்தாளை மூன்று நான்கு அங்குலம் மட்டும் உரித்து, துணி சுற்றிய தேய்ப்பானால் (தட்டையான பிளாஸ்டிக் தகட்டால்) நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தியபடி சிறிது சிறிதாகக் கீழிறங்குங்கள். படம் பல துண்டுகளாக இருந்தால், அடுத்த துண்டு முந்தையதன்மீது சுமார் 1 சென்ரிமீற்றர் ஏறியிருக்கட்டும். காற்றுக் குமிழி தென்பட்டால், ஊசியால் குத்திப் பெருவிரலால் தடவிவிடுங்கள். இறுதியாக, ஓரங்களைத் தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கி மீண்டும் அழுத்துங்கள்.